பாலாடை நிறக் கேரவனும் செவ்வாய்ப்பேட்டை ஷேடு கடையும்

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் எதிரே ஏறி வந்த பேருந்துக்கு வழிவிட்டு இடப்புறம் ஒதுங்கியதில், எங்கள் கேரவனின் பின்மூலை கைப்பிடிச் சுவரில் உரசி, மூன்றடி நீளத்துக்கு மேல்பூச்சு பெயர்ந்து, உள்ளிருக்கும் கண்ணாடி இழை நார்நாராக வெளியே வந்துவிட்டது. ஃபைபர் மேட் வைத்து, காய்ந்ததும் இறுகும் பிசினான ரெசின் பூசி, மேடுபள்ளம் நிரப்பப் பட்டி பார்த்து, அந்த இடத்தைப் பழைய வளைவுக்குக் கொண்டுவர மூன்று நாள் ஆயிற்று. ஆனால் அந்த மூன்றடிக்கு, சுற்றியுள்ள உடம்போடு ஒத்துப்போகிற நிறம் கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. அந்த அலைச்சலை முடித்துவைத்த சேலம் செவ்வாய்ப்பேட்டை நிறக்கலவைக் கடையைப் பற்றியே எழுதுகிறேன். பழைய ஃபைபர் உடம்புள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றி. கேரவன் என்றதும் நம் ஊரில் சினிமாப் படப்பிடிப்பு வண்டிதான் நினைவுக்கு வரும். எங்களுடையது அப்பா 2009-இல் ஒரு 407 சேஸிஸ் (சிறு லாரியின் அடிச்சட்டம்) வாங்கி, கரூரில் கூண்டு கட்டவைத்த குடும்ப வண்டி. இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். இரும்புச் சட்டத்தின் மேல் முழுக்க ஃபைபர் உடம்பு, அதன் இடுப்பில் ஓர் அரக்கு நிறப் பட்டை. கட்டித் தந்த பட்டறை இன்று இல்லை. நிறத்துக்கான எண் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் 'வெள்ளை' என்று ஒரே சொல்தான் இருக்கிறது. அப்பா அதை வெள்ளை என்று சொன்னதே கிடையாது; ஆறிய பாலின் மேல் படிகிற ஏட்டைக் காட்டி, 'பாலாடை நிறம்' என்பார். அப்பா போய் ஆறு ஆண்டு ஆகிறது. அந்த நிறத்தை நான் மாற்ற விரும்பவில்லை.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன் சேலத்திலேயே வேறொரு பட்டறையில் வேலை கொடுத்திருந்தேன். "வெள்ளைதானே மேடம், சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க" என்றார்கள். டப்பாவில் தயாராக வரும் வெள்ளையை அப்படியே அடித்துவிட்டார்கள். அவர்களுடைய கொட்டகையில் டியூப் லைட் வெளிச்சத்தில் நின்று பார்த்தபோது, உண்மையிலேயே எனக்கு வேறுபாடு தெரியவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை ஏற்காடு ஏரிக்கரையில் பனிமூட்டத்துக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பின்மூலையில் நீலம் போட்டு அலசிய துணியை ஒட்டியது போல ஒரு திட்டு தனியாகத் தெரிந்தது. என் மகள் பின்னால் வந்த காரிலிருந்து இறங்கும் முன்பே, "அம்மா, அங்க என்ன ஒட்டியிருக்கு?" என்று கேட்டாள். அன்று முழுவதும் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே இருந்தேன்.

இரண்டு நிறம் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் தெரிவது கண்ணின் குற்றமன்று. ஒரே போலத் தோன்றும் இரண்டு வெள்ளையை வெவ்வேறு நிறமிகளைக் கொண்டு செய்ய முடியும். விழுகிற ஒளி மாறும்போது அந்த நிறமிகள் திருப்பியனுப்பும் ஒளியும் வெவ்வேறு விதமாக மாறுகிறது. டியூப் லைட்டின் அட்டைப்பெட்டியில் 6,500 கெல்வின், பகல் ஒளி என்று அச்சிட்டிருந்தாலும், வானத்து ஒளியில் உள்ள எல்லா அலைநீளங்களும் அதில் அதே அளவில் இருப்பதில்லை. இதையெல்லாம் எனக்குப் பொறுமையாக விளக்கியவர் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் நிறம் கலக்கும் அண்ணன்தான். இருபது ஆண்டாக லாரிக்கும் பேருந்துக்கும் நிறம் கலந்தவர் என்றார்கள்.

கடை சந்துக்குள் இருக்கிறது. கேரவன் உள்ளே போகவே போகாது. அது தெரிந்து, கேரவனின் பக்கவாட்டில் இருக்கும் எரிவாயு உருளைப் பெட்டியின் சிறு கதவைக் கழற்றி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது எந்தப் பக்கத்துக் கதவுங்க? அடிபட்டது எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கதவு வலப்புறம், அடி இடப்புறம் என்றேன். "அப்போ இதுக்குக் கலந்தா அதுக்குச் சேராதுங்க மேடம். வண்டியைக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார். அன்று அரைநாள் விடுப்பு வீணாயிற்றே என்று எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் தேடி வந்த வேலையை ஏற்காமல் திருப்பி அனுப்பியதுதான் இந்தக் கடையின் மேல் எனக்கு நம்பிக்கை வந்த முதல் இடம்.

அவர் சொன்னதன் பொருள் பிறகுதான் புரிந்தது. இரும்புத் தகடு வண்டிகளுக்கு மேலே பெயிண்ட் அடிக்கிறார்கள். ஃபைபர் உடம்பில் பெரும்பாலும் அப்படியில்லை. அச்சுக்குள் முதலில் நிறம் கலந்த ஜெல்கோட்டைத்தான் பூசுகிறார்கள், அதன் பின்புறம் கண்ணாடி இழையும் ரெசினும் ஏறுகின்றன, அச்சிலிருந்து எடுத்ததும் வெளிப்புறம் நிறத்தோடே வந்துவிடுகிறது. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த ஜெல்கோட்தான் வண்டியின் தோல். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்தத் தோலின் மேற்பரப்பிலுள்ள ரெசினைச் சிறுகச் சிறுக அரித்து, உள்ளே பிடித்துவைத்திருந்த வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்ஸைடைத் தூளாக வெளியே விடுகிறது. பழைய ஃபைபர் வண்டியைக் கையால் தேய்த்தால் சுண்ணாம்புச் சுவரில் உரசியது போல விரலில் வெள்ளை ஒட்டுவது அதனால்தான். மேலே அந்தத் தூள் நிறத்தை வெளுத்துக் காட்டுகிறது. கீழே ரெசின் வயதாக ஆக மஞ்சளிக்கிறது. எனவே நம் கண்ணுக்குத் தெரிகிற நிறம், வண்டி பிறந்தபோது இருந்த நிறமும் அன்று, இன்று உண்மையில் இருக்கிற நிறமும் அன்று.

எங்கள் வண்டிக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஏற்காட்டில் எங்கள் சிறிய காப்பித் தோட்டத்தில், சில்வர் ஓக் மரங்களின் ஓரமாக ஒரே திசையில் பல ஆண்டு நின்ற வண்டி அது. வலப்புறம் திறந்தவெளியைப் பார்த்து வெயில் தின்றது. இடப்புறம் மர நிழலில் ஈரமும் பாசியும் தின்றது. மலைமேல் குளிராக இருப்பதால் வெயில் குறைவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் சேலத்தைவிடக் கூடுதலாகவே இறங்குகிறது. அப்படி ஒரே வண்டியில் மேற்கூரை, வலப்புறம், இடப்புறம், இணைப்புகளை மூடும் ரப்பர் பட்டையான பீடிங்குக்குக் கீழே மறைந்திருந்த இடம் என நான்கு பாலாடை நிறங்கள் இருந்தன.

அடுத்த வாரம் வண்டியைப் பிரதான சாலையோரம் நிறுத்திவிட்டுச் சொன்னேன். அண்ணன் ஒரு பையனையும், ஒரு வாளியையும், பாலிஷ் போடும் மெஷினையும் அழைத்துக்கொண்டு நடந்தே வந்தார். அடிபட்ட இடத்தின் விளிம்பிலிருந்து இரண்டு சாண் தள்ளி, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஷாம்பூ போட்டுக் கழுவினார்கள். மெழுகும் எண்ணெயும் போக ஒரு திரவத்தால் துடைத்தார்கள். பிறகு மெருகேற்றும் பசையான கம்பவுண்ட் வைத்து மெதுவாகத் தேய்க்கத் தொடங்கியபோது, கம்பளித் திண்டில் முதலில் பச்சையாகவும் அடுத்துச் சாம்பலாகவும் கடைசியில் பால் வெள்ளையாகவும் அழுக்கு ஏறி வந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால், மங்கிய உடம்பின் நடுவே ஒரு சிறு ஜன்னல் திறந்தது போல, நான் மறந்தே போயிருந்த அந்த மஞ்சள் சாயல், மினுமினுப்போடு அங்கே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்காதவர் போல, "இதுதாங்க நாம சேர்க்க வேண்டிய கலர். பீடிங்குக்கு அடியில இருக்கறது புதுக் கலர், அதைச் சேர்த்தா இந்தப் பக்கத்துல திட்டாத் தெரியும். முதல்ல இந்தப் பக்கம் முழுக்க கம்பவுண்ட் அடிச்சிருங்க, அப்புறம்தான் பெயிண்ட்" என்றார்.

எந்த நிறத்தோடு சேர்க்க வேண்டும் என்பதைக் கலக்கும் முன்பே முடிவு செய்வதுதான் இந்த வேலையின் பாதி என்று இப்போது நினைக்கிறேன். முந்தைய பட்டறையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை; எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

கைக்கு அடக்கமான நிறமானி ஒன்றை அந்த ஜன்னலில் மூன்று இடத்தில் வைத்து அளந்தார்கள். கடையில் அதை எல்லோரும் 'கேமரா' என்றே சொல்கிறார்கள். அது நிறத்தை எல், ஏ, பி என்ற மூன்று எண்களாகச் சொல்கிறது: எவ்வளவு வெளிச்சம், சிவப்புக்கும் பச்சைக்கும் இடையில் எங்கே, மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையில் எங்கே. சி.ஐ.இ. என்னும் பன்னாட்டு ஒளி ஆணையம் 1976-இல் வகுத்த முறை இது. கணினி அந்த எண்களை வைத்து ஒரு கலவைக் குறிப்பைத் தருகிறது. பல கடைகளில் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. இங்கே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்களுடைய குறிப்பு, அரைக் கிலோ வெள்ளை அடித்தளத்துக்கு மஞ்சள் ஆக்ஸைடு 3.2 கிராம், கருப்பு 0.6 கிராம், சிவப்பு ஆக்ஸைடு 0.3 கிராம். கால் கிலோ போதுமே என்று நான் சொன்னதற்கு அவர் மறுத்த காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. தராசு 0.1 கிராம் வரைதான் காட்டும். வெள்ளையில் சேர்க்கிற கருப்பு ஏற்கெனவே ஒரு கிராமுக்கும் கீழே. கலவையைப் பாதியாக்கினால் தராசின் பிழை அதே அளவில் இருக்க, கருப்பு மட்டும் பாதியாகிவிடும். அடர்ந்த நிறத்தில் அந்தப் பிழை தெரியாது. வெளிர் நிறத்தில் அதுவே எல்லாம். முதல் கலவை சற்றுச் சாம்பலாக வந்தது. அப்போது அவர் கணினியைத் தொடவில்லை. ஒரு துணி தைக்கும் ஊசியை மஞ்சளில் தொட்டு, நுனியில் நின்ற துளியை டப்பாவுக்குள் உதறி, குச்சியால் நெடுநேரம் கலக்கி, குச்சியை உயர்த்தி வழிகிற பெயிண்டைப் பார்த்தார். மீண்டும் ஊசி. மீண்டும் கலக்கல். கருப்பு டப்பாவின் மூடியை மட்டும் அவர் இறுக மூடி, தூரத்தில் வைத்துவிட்டார். "கருப்பு போட்டா எடுக்க முடியாதுங்க" என்றார். கருப்பு சாம்பலாக்குவதோடு நிற்காமல் வெள்ளையை நீலத்தின் பக்கமும் இழுத்துவிடும். எங்கள் பின்மூலையில் தெரிந்த நீலத்துக்கும், அந்தத் தயார் டப்பாவிலேயே கலந்திருந்த கருப்பு காரணமாக இருந்திருக்கலாம்.

டப்பாவுக்குள் தெரிகிற நிறத்தை அவர் ஒரு தடவைகூட எனக்கு ஒப்பிட்டுக் காட்டவில்லை. கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட அட்டையில், வண்டிக்கு அடிக்கப் போகிற அதே ஸ்ப்ரே கன்னால், அதே தின்னர் அளவில், கறுப்புக் கட்டம் மறைகிற வரை அடித்து, அதன்மேல் நிறமில்லாப் பளபளப்புப் பூச்சான கிளியரும் அடித்துக் காயவைத்தார். கறுப்பு மறைய மூன்று கோட் ஆயிற்று. அட்டையின் பின்புறம் கோட் எண்ணிக்கையை எழுதிவைத்தார். இரண்டு கோட்டில் நிறுத்தினால் கீழே இருக்கும் சாம்பல் நிற அடிப்பூச்சான பிரைமர் தெரிந்து, சரியாகக் கலந்த நிறமே தவறான நிறமாகிவிடும் என்றும், அதனால் பட்டி பார்த்த இடத்துக்கு வெள்ளை எபாக்ஸி பிரைமரே அடிக்க வேண்டும் என்றும் எங்கள் பெயிண்டரிடம் சொல்லச் சொன்னார்.

காய்ந்த அட்டையை எடுத்துக்கொண்டு காலை பத்து மணி சுமாருக்கு வண்டியருகே போனோம். நேர் வெயிலில் பார்க்கவில்லை. கட்டடத்தின் நிழல் விழுந்த பக்கத்தில், திறந்த வானத்தின் ஒளியில் பார்த்தோம். அட்டையைத் தகட்டோடு ஒட்டிவைத்துப் பத்தடி பின்னால் வந்து, ஐந்து விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை வேறெங்காவது திருப்பச் சொன்னார். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சமாதானம் செய்துகொண்டு, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடும். முதல் அட்டையில் பச்சைச் சாயல் இருந்தது. இரண்டாவதில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. மூன்றாவது அட்டையை வைத்தபோது அதன் விளிம்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கேமராவில் இரண்டுக்கும் இடையிலான தொலைவு, டெல்டா ஈ என்று சொல்வார்கள், 0.6 காட்டியது. ஒன்றுக்குக் கீழே போனால் பழகிய கண்ணுக்கும் பிரித்தறிவது கடினம் என்பது பொதுவான கணக்கு.

ஜெல்கோட்டிலேயே நிறம் கலந்து தர முடியுமா என்று நான் கேட்டதற்கு, தாங்கள் அதைச் செய்வதில்லை என்று சொன்னார்கள். திறந்த காற்றில் பூசும் ஜெல்கோட்டின் மேற்பரப்பு, மெழுகு சேர்க்காவிட்டால் பிசுபிசுப்பு போகாமல் நின்றுவிடும்; காயும்போது நிறமும் சற்று நகரும். இறுகவைக்கும் திரவமான ஹார்டனர் சேர்த்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டே இந்த மாதிரிப் பகுதி வேலைக்கு ஏற்றது என்பது அவர்கள் கருத்து. நானும் அதையே ஏற்றுக்கொண்டேன்.

அடிப்பதை இந்தக் கடை செய்வதில்லை. அடிவாரத்தில் உள்ள எங்கள் பெயிண்டர் அடித்தார். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கடைக்காரர்தான் சாக்பீஸால் வண்டியில் கோடு போட்டுக் காட்டினார்: நிறத்தை உடம்பின் நடுவே நிறுத்தாமல், மேலே அரக்குப் பட்டை வரையும், பின்னால் மூலைப் பீடிங் வரையும் கொண்டுபோய் முடித்துவிட வேண்டும். எவ்வளவு அருமையாகச் சேர்ந்த நிறமானாலும், வெட்டவெளியான தகட்டின் நடுவில் ஒரு விளிம்பு நின்றால் கண் அங்கேயே போய் நிற்கும். பட்டையும் பீடிங்கும் கண்ணுக்கு ஒரு இடைவெளி தருகின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். அந்த அரக்குப் பட்டையில் அடிபட்ட ஓரடி நீளத்துக்கும் இவர்களே நிறம் கலந்து தந்தார்கள். பகலில் அது நன்றாகவே சேர்கிறது; இரவில் தெருவிளக்கின் எல்.இ.டி. ஒளியில் புதிய பகுதி சற்றுக் காப்பி நிறமாகத் தெரிகிறது. வெயிலில் வெளுத்த பழைய சிவப்பை, வேறு சிவப்பு நிறமியால் எட்டிப் பிடித்ததன் விளைவு அது. போய்ச் சொன்னபோது மறுக்கவில்லை. பட்டை முழுவதையும் ஒரே நிறத்தில் மாற்றினால்தான் அது போகும் என்றார்கள். பாலாடைக்கு எடுத்துக்கொண்ட பொறுமையில் பாதியாவது அரக்குக்கும் எடுத்திருக்கலாம், இரவு வெளிச்சத்தில் ஒரு அட்டையாவது பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

நேரமும் ஒரு குறைதான். மூன்று முறை போக வேண்டியிருந்தது. சனிக்கிழமை போகவே கூடாது. லாரிக்காரர்களின் கூட்டத்தில் உங்கள் டப்பா கடைசியில்தான் வரும். தொலைபேசியை எடுப்பதில்லை. விலையும் தயாராக வரும் டப்பாவைவிடக் கூடுதல்: அரைக் கிலோ நிறம், ஹார்டனர், கிளியர் எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய், வண்டியருகே வந்து அளந்ததற்கும் அட்டைகளுக்கும் 400 ரூபாய். முந்தைய பட்டறையில் கொடுத்து வீணான தொகையை நினைத்தால் இது அதிகமில்லை என்றே சொல்வேன். அந்த 400 ரூபாய்க்கு நான் கற்றுக்கொண்டதும் சேர்ந்தது.

நிறத்தின் பெயரையோ எண்ணையோ மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒரு சொல். கடையில் ரால் என்னும் ஜெர்மானிய நிற வரிசையின் அட்டை தொங்குகிறது. அதில் 9010, 9016 என்று பல வெள்ளைகளும், 9001 என்ற கிரீமும் உண்டு. நம் நாட்டு ஐ.எஸ். 5 நிறத் தர வரிசையிலும் 352 என்று வெளிர் கிரீம் ஒன்று உண்டு. வண்டியில் தேய்த்துத் திறந்த அந்த ஜன்னலருகே அவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றும் தனியே பார்க்கும்போது 'இதுதான்' என்று தோன்றியது. பக்கத்தில் வைத்ததும் ஒன்றுகூடச் சேரவில்லை. பதினைந்து ஆண்டுக்கு மேல் மழையும் வெயிலும் பார்த்த உடம்பின் நிறத்துக்கு எந்த அட்டையிலும் எண் இல்லை. அந்த உடம்பையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

வேலை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. ஐப்பசி மழையில் ஒரு காலை, பழைய இடத்திலேயே, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, பனிமூட்டம் இறங்கும்வரை காத்திருந்து பார்த்தேன். மகளிடம் எந்த இடம் என்று கேட்டேன். அவள் வண்டியைச் சுற்றி வந்து, அடிபடாத வலப்பக்க மூலையைக் காட்டினாள்.

கலவையின் இறுதிக் குறிப்பை, ஊசித் துளிகளையும் கணக்கில் சேர்த்து, அட்டையின் பின்புறம் தேதியோடு எழுதித் தந்திருக்கிறார்கள். ஹார்டனர் சேர்க்காத மிச்ச நிறத்தைச் சிறிய டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி மூடித் தந்தார்கள். பெரிய டப்பாவில் காற்றோடு கிடந்தால் தோல் கட்டிவிடுமாம். அட்டை இப்போது அப்பாவின் வண்டிக் குறிப்பேட்டுக்குள், கரூர்ப் பட்டறையின் ரசீதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேற்கூரையில் காற்றுப்போக்கியைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் விழுந்திருக்கின்றன. கூரையின் நிறம் வேறு, அதற்கு இந்த அட்டை உதவாது என்று அண்ணன் முன்பே சொல்லிவிட்டார். தை பிறந்து ஈரம் போனதும், ஒரு செவ்வாயோ புதனோ பார்த்து, வண்டியோடு மீண்டும் அவரிடமே போகிறேன்.